தவறு எந்தப் படியில் நேர்ந்தது? வகுப்புத் தேர்வும் பின்னூட்டமும்

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, சூளகிரி, வேப்பனப்பள்ளி வட்டாரத்துப் பள்ளிகளில் கணக்கு விடைத்தாள் திருத்தும் ஆசிரியருக்கு வேறு மாவட்டத்து ஆசிரியருக்கு அவ்வளவாக இல்லாத ஒரு சிக்கல் உண்டு. அவர் வகுப்பில் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளை இருக்கும். கன்னடமோ உருதுவோ பேசும் பிள்ளையும் இருக்கும். சிப்காட் ஆலைகளுக்கும் கட்டட வேலைக்கும் வடக்கிலிருந்து வந்த குடும்பங்களின் இந்தி, ஒடியா, வங்காளம் பேசும் பிள்ளைகளும் இப்போது பல வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். இவர்களில் ஒருவர் வாழ்வியல் கணக்கு ஒன்றுக்குத் தவறான விடை எழுதினால் ஆசிரியர் சுழியம் போடுவார். போட்டது முறைதான். ஆனால் அந்தச் சுழியம் ஆசிரியருக்கு எதையும் சொல்வதில்லை. பிள்ளைக்கு வாக்கியம் வாசிக்க வரவில்லையா, வாசித்தும் புரியவில்லையா, புரிந்தும் கழிக்க வேண்டும் என்று தோன்றவில்லையா, கழிக்கத்தான் தெரியவில்லையா? நான்குக்கும் ஒரே சுழியம், பிறகு ஒரே குறைதீர் கற்பித்தல். கழித்தல் நன்றாகத் தெரிந்த பிள்ளை மறுபடியும் இருபது கழித்தல் கணக்கு போட வேண்டியிருக்கிறது. தவறு எங்கே நேர்ந்தது என்று காட்டாத தேர்வு பதிவேட்டை நிரப்பும், பாடம் நடத்த உதவாது என்பதே இந்த அத்தியாயம் சொல்ல வருவது. இடத்தைக் காட்டும்படி வினாத்தாளை அமைக்க முடியும். அப்படி அமைத்துவிட்டால் பின்னூட்டம் எழுதுவதும் எளிதாகும்.

இந்தச் சிக்கலை ஒழுங்காகப் பிரித்துப் பார்த்தவர் ஆஸ்திரேலியக் கல்வியாளர் ஆன் நியூமன். கணக்கில் பின்தங்கிய ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைத் தனித்தனியே உட்காரவைத்து, தவறாகச் செய்த கணக்குகளை அவர்கள் வாயாலேயே மறுபடி விளக்கச் சொன்னார். எழுத்துக் கணக்கு ஒன்றுக்கு விடை காணப் பிள்ளை கடக்கும் படிகள் ஐந்து என்று 1977இல் அவர் எழுதினார்: வாசித்தல், புரிதல், கேட்கப்படுவதைக் கணக்குச் செயலாக மாற்றுதல், செயலைச் செய்தல், விடையை உரிய வடிவில் எழுதுதல். அவர் பார்த்த தவறுகளில் ஏறத்தாழ பாதி முதல் மூன்று படிகளிலேயே நிகழ்ந்திருந்தன. கூட்டல், கழித்தல் தொடங்கும் முன்பே பிள்ளை வழுக்கிவிடுகிறது. நியூமன் பார்த்தது மெல்போர்னில். வீட்டு மொழி ஒன்று, பாட மொழி வேறு என்ற நிலை பரவலாக உள்ள நம் எல்லைப் பகுதியில் அந்த முதல் மூன்று படிகள் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியவை. பார்க்கும் வழியும் எளிது. ‘இந்தக் கேள்வியை வாசி’, ‘என்ன கேட்கிறார்கள், உன் சொல்லில் சொல்’, ‘எப்படிச் செய்யப் போகிறாய்?’, ‘செய்து காட்டு’, ‘இப்போது விடையை எழுது’ என்று வரிசையாகக் கேட்டால் போதும். பிள்ளை எந்தக் கேள்வியில் நிற்கிறதோ, பாடமும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். இரண்டாவது கேள்விக்குப் பிள்ளை தெலுங்கிலோ கன்னடத்திலோ பதில் சொன்னால் தடுக்கக் கூடாது. நாம் அறிய விரும்புவது புரிந்ததா என்பதைத்தான்.

ஒவ்வொரு பிள்ளையையும் இப்படி உட்காரவைத்துக் கேட்க நேரம் கிடைக்காது. அதனால் இந்தப் பிரிப்பை வினாத்தாளுக்குள்ளேயே கொண்டுவர வேண்டும். ஒரு கருத்தை இரண்டு வினாக்களால் கேட்பது இதற்கு நம்பகமான வழி. ஒன்றில் மொழி இருக்கக் கூடாது, மற்றொன்றில் இருக்க வேண்டும். 402 − 178 = ? என்பது முதலாவது. இரண்டாவது, நம் வினாத்தாள்களில் வழக்கமாக இப்படி வரும்: ‘மாங்கூழ் ஆலை ஒன்றுக்குக் கொண்டுவரப்பட்ட 402 பெட்டி மாம்பழங்களுள் 178 பெட்டிகள் பதப்படுத்தப்பட்டன எனில், எஞ்சிய பெட்டிகளின் எண்ணிக்கையைக் காண்க.’ கணக்கு ஒன்றேதான். முதலாவதைச் சரியாகச் செய்து இரண்டாவதில் தவறிய பிள்ளைக்குக் கழித்தல் தெரியும். அந்தப் பிள்ளைக்குத் தேவை வாக்கியம். இரண்டிலும் தவறியவருக்குக் கழித்தல் பாடம் தேவை. வாக்கியத்தைப் பற்றி அவரிடம் பிறகு பேசலாம். முதலாவதில் தவறி இரண்டாவதைச் சரியாகச் செய்தவர்கள் அரிது. அப்படி ஒருவர் இருந்தால், பெட்டிகளை மனத்தில் கண்டபோது சரியாக யோசித்தவர், எண்களை மட்டும் கண்டபோது மனப்பாடமான படிகளில் சிக்கிக்கொண்டிருக்கலாம் என்று கொண்டு, கூப்பிட்டுக் கேட்பது நல்லது.

மூன்றாவது வடிவம் ஒன்றும் உண்டு. ‘ஆலைக்கு 402 பெட்டி மாம்பழம் வந்தது. 178 பெட்டியைக் கூழ் ஆக்கினார்கள். மீதி எத்தனை பெட்டி?’ இதுவும் தமிழ்தான், நல்ல தமிழ்தான். ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி, செயப்பாட்டு வினை இல்லை, ‘எனில்’ இல்லை. 2001இல் ஜமால் அபேதியும் கரோல் லார்டும் அமெரிக்காவில் எட்டாம் வகுப்புக் கணக்கு வினாக்களை இப்படித்தான் மாற்றிப் பார்த்தார்கள். எண்ணையும் கணக்கையும் தொடாமல் வாக்கியத்தை மட்டும் எளிதாக்கினார்கள். மதிப்பெண் சிறிதளவே உயர்ந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஆங்கிலம் கற்றுவரும் பிள்ளைகளோடு ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் அது உதவியது. கடின வாக்கியம் மாற்று மொழிக்காரரை மட்டும் தடுக்கவில்லை. வீட்டில் தமிழே பேசினாலும் புத்தகத் தமிழைக் கேட்டு வளராத பிள்ளையையும் அது தடுக்கும். ஊத்தங்கரையில் தமிழ் பேசும் வீட்டிலிருந்து வரும் முதல் தலைமுறை மாணவருக்கும் ‘எஞ்சிய பெட்டிகளின் எண்ணிக்கையைக் காண்க’ என்பது அயல் மொழிதான்.

இனி, கழித்தலே தெரியாத பிள்ளையின் தவறைப் பார்ப்போம். இங்கும் ‘தெரியவில்லை’ என்று நிறுத்துவது போதாது. ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் இருவரும் 1978இல் வெளியிட்ட ஆய்வு, பிள்ளைகளின் கழித்தல் தவறுகளில் பல, கவனக் குறைவால் சிதறி விழுந்தவை அல்ல என்று காட்டியது. ஒரு தவறான விதியைப் பிள்ளை ஒழுங்காக, திரும்பத் திரும்பக் கடைப்பிடிக்கிறது. 402 − 178க்கு 376 என்று எழுதிய பிள்ளை ஒவ்வோர் இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது: 4லிருந்து 1, 7லிருந்து 0, 8லிருந்து 2. 334 என்று எழுதியவர் கடன் வாங்கினார், ஆனால் கொடுத்த இடத்தில் குறைக்கவில்லை. 134 எழுதியவர் நடுவிலுள்ள சுழியத்தைத் தாண்டி, ஒன்றின் இடத்துக்கு ஒருமுறையும் பத்தின் இடத்துக்கு மறுமுறையும் நூறின் இடத்திலிருந்து வாங்கியிருக்கிறார். மூன்று விடைகளும் தவறு. மூன்றுக்கும் பாடம் வேறு. முதல் பிள்ளைக்கு இடமதிப்பையே மறுபடி தொடங்க வேண்டும். மூன்றாவது பிள்ளைக்குச் சுழியம் வரும் கணக்குகளை மட்டும் பத்து நிமிடம் காட்டினால் போதும். ஆகவே ஒரு மதிப்பெண் வினாவுக்கு 224, 376, 334, 134 என்று விருப்பங்கள் கொடுத்தால், பிள்ளை எதை வட்டமிட்டது என்பதிலிருந்தே தவறின் வகை தெரிந்துவிடும். நம் வினாத்தாள்களில் தவறான விருப்பங்கள் பெரும்பாலும் இடத்தை நிரப்ப வருபவை. 225, 300, 500 என்று ஏதோ ஓர் எண். அவை எதையும் சொல்வதில்லை. வினா எழுதும் ஆசிரியர் போன ஆண்டு விடைத்தாள்களிலிருந்து உண்மையான தவறுகளைப் பொறுக்கி எடுத்து விருப்பங்களாக வைப்பது, புதிய கைடு ஒன்றை வாங்குவதைவிடப் பயனுள்ள வேலை.

கொள்குறி வினாவில் ஊகித்து எழுதலாமே என்ற ஆட்சேபம் சரியானது. நான்கு விருப்பங்களில் கண்ணை மூடி ஒன்றை வட்டமிட்டாலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஒரே வகைத் தவறைப் பிடிக்கும் வினாவை எண்ணை மாற்றி இரண்டு முறை வைத்தால் ஊகம் பெரிதும் அடிபடும். இரண்டிலும் ஒரே வகைத் தவறான விருப்பத்தைத் தேர்ந்தால் அந்த விதி பிள்ளையின் தலைக்குள் இருக்கிறது என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். ‘ஏன்?’ என்று ஒரு வரி எழுதச் சொல்வது இன்னும் நல்லது. அறிவியலில் அந்த ஒரு வரி இல்லாமல் முடியவே முடியாது. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்குமா, அதற்குக் கீழேயா, மேலேயா என்று கேட்டால், ‘கீழே’ என்ற சொல் மட்டும் எதையும் நிறுவாது. காற்றழுத்தத்தைக் காரணமாக எழுதியவருக்குத்தான் பாடம் புரிந்திருக்கிறது. ‘ஓசூர் குளிரான ஊர்’ என்று எழுதியவர் சரியான விடைக்குத் தவறான வழியில் வந்து சேர்ந்திருக்கிறார். அவரைக் கண்டுபிடிக்கவே இந்த வினா.

எத்தனை முறை தேர்வு வைப்பது? அடிக்கடி, சிறிதாக. 2006இல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் இருவரும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் செய்த சோதனையில், ஒரு பத்தியை நான்கு முறை படித்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதில் 40 விழுக்காட்டை நினைவுகூர்ந்தார்கள். ஒருமுறை படித்துவிட்டு மூன்று முறை பாராமல் எழுதிப் பார்த்தவர்கள் 61 விழுக்காட்டை. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோதோ நான்கு முறை படித்தவர்களே முன்னால் இருந்தார்கள். படித்த சூட்டில் தெரிவதுபோல் இருப்பது வாரத்தில் மறைந்துவிடுகிறது. எனவே திங்கட்கிழமை முதல் பத்து நிமிடத்தில், போன வாரப் பாடத்திலிருந்து மூன்று வினா, மதிப்பெண் இல்லாமல். நம் மாநிலத்தில் இதற்கு இடம் இல்லாமல் இல்லை. 2012–13இல் முப்பருவ முறையோடு வந்த தொடர் மதிப்பீட்டில் வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பிரித்தபோதே, பருவத் தேர்வுக்கு முன் தவறுகளைக் கண்டு திருத்த வேண்டும் என்ற எண்ணம் உள்ளே இருந்தது. ஆனால் எந்த மதிப்பெண்ணும் பதிவேட்டில் ஏற வேண்டும் என்றானதும், வளரறி மதிப்பீடு சின்னத் தொகுத்தறி மதிப்பீடாகச் சுருங்கும் ஆபத்து வந்துவிடுகிறது. அமைப்பு நல்லது. அதற்குள் மதிப்பெண் ஏறாத சில வினாக்களுக்கு ஆசிரியர் இடம் ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

இப்போது பின்னூட்டம். இதில் நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கு உறுதியான சான்று இருக்கிறது. 1996இல் ஆவ்ரஹாம் குளூகரும் ஏஞ்சலோ டெனிசியும் பின்னூட்டம் பற்றிய பழைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, சராசரியில் பயன் இருந்தது; ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட முடிவுகளில் பின்னூட்டம் பெற்றவர்களின் செயல்திறன் குறைந்திருந்தது. கவனத்தை வேலையிலிருந்து விலக்கித் தன்னைப் பற்றியே நினைக்க வைக்கும்போது பின்னூட்டம் கெடுக்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். ரூத் பட்லர் 1988இல் இஸ்ரேலில் ஐந்தாம், ஆறாம் வகுப்புகளில் செய்த ஆய்வு இதற்கு நெருக்கமானது. ஒரு குழுவுக்கு மதிப்பெண் மட்டும், இன்னொன்றுக்குக் குறிப்பு மட்டும், மூன்றாவதற்கு இரண்டும். குறிப்பு மட்டும் பெற்றவர்களே அடுத்த வேலையில் முன்னேறினார்கள்; ஆர்வமும் குறையவில்லை. இரண்டும் பெற்றவர்கள் மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே இருந்தார்கள். மதிப்பெண் பக்கத்தில் இருந்தால் குறிப்பு எழுதிய உழைப்பு வீணாகிவிடுகிறது. எனவே தாளைத் திருப்பித் தரும் நாளில் குறிப்பு மட்டும் இருக்கட்டும். மதிப்பெண் பதிவேட்டில் இருக்கட்டும். பிள்ளை திருத்தி எழுதிக் கொண்டுவந்த பிறகு சொல்லலாம்.

குறிப்பில் என்ன எழுதுவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ‘நன்று’, ‘கவனம் தேவை’, ‘இன்னும் முயற்சி செய்’ ஆகிய மூன்றும் பிள்ளையைப் பற்றிய தீர்ப்புகள். நாளைக்கு என்ன செய்வது என்று அவை சொல்லவில்லை. ‘3, 5 இரண்டு கணக்கிலும் கடன் கொடுத்த இடத்தில் குறைக்க மறந்திருக்கிறாய். அந்த இடத்து எண்ணை அடித்துப் புது எண்ணை மேலே எழுதி, இரண்டையும் மறுபடி போடு’ என்பது குறிப்பு. தவறின் இடம், செய்ய வேண்டியது, அளவு மூன்றும் அதில் இருக்கின்றன. விடையை ஆசிரியரே சிவப்பு மையில் எழுதித் தருவது உதவி போலத் தோன்றும். யோசிக்கும் வேலை அப்போது ஆசிரியருடையதாகிவிடும். சரியான விடையைப் பத்து முறை எழுதச் சொல்லும் இம்போசிஷனில் யாருமே யோசிப்பதில்லை. குறிப்பு தந்த அதே பீரியடில் பதினைந்து நிமிடம் திருத்த ஒதுக்க வேண்டும். வீட்டுக்கு அனுப்பினால், தந்தை ஷிப்ட் முடிந்து இரவு பத்தரைக்கு வரும் வீட்டில் அந்தத் தாள் பையைவிட்டு வெளியே வராது. தமிழ் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு நான்கு வரிக் குறிப்பு இன்னொரு தேர்வாகிவிடும். அவருக்குப் பக்கத்தில் ஒரு கணக்கைப் பாதி போட்டுக் காட்டி, மீதியை முடிக்கச் சொல்லுங்கள். அதுவே குறிப்பு.

நாற்பது பேருக்கு இதை யார் எழுதுவது? எழுத வேண்டியதில்லை. மேலே சொன்னபடி வினா அமைந்தால் தவறுகள் மூன்று நான்கு வகைக்குள் அடங்கும். தாள்களை வகைவாரியாக அடுக்கி, ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரே குறிப்பைக் கரும்பலகையில் எழுதி, பிள்ளையின் தாளில் அ, ஆ, இ என்று ஓர் எழுத்து மட்டும் போட்டால் போதும். மூன்று வினாவுள்ள தாளை அடுக்குவது, முழுத் தாளைத் திருத்துவதில் ஒரு சிறு பகுதி வேலை. ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துக் கற்பித்துப் பழகிய ஆசிரியருக்கு இது புதிதல்ல. ஒரு வேறுபாடு மட்டும் முக்கியம். நிலைவாரிக் குழு மாதக்கணக்கில் நீடிக்கும், பிள்ளையும் ‘நான் அரும்பு’ என்று தன்னைச் சொல்லிக்கொள்ளத் தொடங்கும். தவறுவாரிக் குழு வெள்ளிக்கிழமை கலைந்துவிட வேண்டும். வகுப்பின் முதல் மாணவரும் சுழியம் வரும் கழித்தலில் தவறியிருந்தால் இந்த வாரம் அந்தக் குழுவில்தான் உட்கார வேண்டும்.

பெற்றோர் மதிப்பெண் கேட்பார்கள் என்ற தயக்கம் நியாயமானது. அவர்களுக்குக் கிடைக்கும் ஒரே தகவல் அதுதான். ஆனால் இந்தப் பகுதிப் பெற்றோரிடம் இதை விளக்குவது மற்ற இடங்களைவிட எளிது. ஆலையில் வேலை செய்பவருக்கு, ஒரு பாகம் முழுதும் முடிந்த பிறகு ரிஜெக்ட் ஆவதற்கும், இரண்டாவது மெஷினிலேயே அளந்து சரிசெய்வதற்கும் உள்ள வேறுபாடு தெரியும். வாரச் சோதனை இரண்டாவது மெஷினில் எடுக்கும் அளவு, அரையாண்டுத் தேர்வு கடைசிச் சோதனை என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் மதிப்பெண் பட்டியலோடு, ‘உங்கள் மகளுக்குக் கழித்தல் வருகிறது, நீளமான வாக்கியம் புரிவதில்லை’ என்ற ஒரு வரியைச் சொன்னால், அடுத்த கேள்வி பெரும்பாலும் ‘வீட்டில் என்ன செய்யலாம்?’ என்பதாகத்தான் இருக்கும். 10, 12ஆம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிவுகளில் முதலிடங்களை அறிவிப்பதை மாநில அரசே 2017இல் கைவிட்டது. வகுப்புத் தேர்வில் ரேங்க் போடுவதை நிறுத்த அதற்கு மேல் ஒரு முன்னுதாரணம் தேவையில்லை.

வலுவான ஆட்சேபம் வேறொன்று. பொதுத்தேர்வில் வினா எளிய வாக்கியத்தில் வரப்போவதில்லை. தமிழ் எல்லோரும் கற்க வேண்டிய மொழி. வினாவை எளிதாக்குவதும் தெலுங்கில் பதில் சொல்ல விடுவதும் பிள்ளையைப் பழக்கிக் கெடுப்பதாகாதா? 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் முதல் வகுப்பிலிருந்து படிப்படியாகப் பத்தாம் வகுப்புவரை தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. தெலுங்கு, கன்னடம், உருது வழிப் பள்ளிகள் உள்ள இந்த மாவட்டத்தில் அது நீதிமன்றம்வரை சென்ற விவகாரம். அந்தச் சட்டத்தின் நோக்கத்தை நான் ஏற்கிறேன். ஏற்பதால்தான் சொல்கிறேன்: தமிழ்க் குறையைக் கணக்குக் குறையாகப் பதிந்தால் அந்தப் பிள்ளைக்குத் தமிழ் கிடைக்காது, கிடைப்பது இன்னும் இருபது கழித்தல் கணக்குதான். எளிய வடிவம் நோயறியும் கருவி. நிரந்தரப் பத்தியம் அல்ல. பிரித்து அறிந்த பிறகு ‘எனில்’, ‘எஞ்சிய’, ‘ஒவ்வொன்றும்’, ‘முறையே’, ‘விழுக்காடு’ போன்ற வினாத்தாள் மொழியைக் கணக்கு வகுப்பிலேயே பாடமாக நடத்த வேண்டும். ஒரே கணக்கை எளிய வடிவிலும் புத்தக வடிவிலும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, ஒன்றை மற்றொன்றாக மாற்றச் சொல்லலாம். ஜூனில் எளிய வடிவம், டிசம்பரில் இரண்டும், பத்தாம் வகுப்புக்கு வரும்போது புத்தக வடிவம் மட்டும். தெலுங்கில் பதில் சொல்ல விடுவது புரிதலைப் பார்க்கும் அந்த ஒரு கேள்விக்கு மட்டுமே. விடைத்தாளில் தமிழ்தான்.

தமிழ்ப் பாடத்துக்குள்ளும் இதே பிரிப்பு வேண்டும். தெலுங்கு, கன்னட எழுத்தில் க, ச, ட, த, ப ஒவ்வொன்றுக்கும் நான்கு எழுத்து உண்டு, தமிழில் ஒன்று. இன்றைய தெலுங்கிலும் கன்னடத்திலும் ழகரம் வழக்கில் இல்லை. அந்த மொழி பேசும் பிள்ளை ழகரத்தை ளகரத்தோடு குழப்புவது கேட்டு வளர்ந்த காதின் விளைவு; கவனக் குறைவு அல்ல. கட்டுரையில் இருபது ழகரப் பிழையைச் சுற்றி வட்டமிட்டால், அவர் எழுதிய நல்ல கருத்து ஒன்றும் அவருக்கே தெரியாமல் போகும். ஒரு கட்டுரையில் ஒரு வகைப் பிழையை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த வகைச் சொற்களில் ஐந்தை மட்டும் திருத்தச் சொல்லுங்கள். கருத்துக்குத் தனி மதிப்பெண், எழுத்துக்குத் தனி மதிப்பெண் என்று ஒதுக்குங்கள். அறிவியல், சமூக அறிவியல் வகுப்புத் தேர்வுகளில் எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைக்கவே வேண்டாம்.

கடைசியாக ஒரு நடைமுறைச் செய்தி. இங்கே பிள்ளைகள் ஆண்டு நடுவில் பள்ளி மாறுவது அதிகம். வேலை மாறினால் அத்திபெலேயில் ஒரு பள்ளி, பாகலூரில் ஒரு பள்ளி. மாற்றுச் சான்றிதழில் வகுப்பும் பிறந்த தேதியும் இருக்கும். மதிப்பெண்ணும் எமிஸ் பதிவில் கிடைக்கும். கடன் கொடுத்த இடத்தில் குறைக்க மறக்கிறது, ‘எனில்’ வரும் வாக்கியம் புரிவதில்லை என்ற தகவல் எங்கும் போவதில்லை. அடுத்த ஆசிரியர் அதைக் கண்டுபிடிக்க இன்னொரு பருவம் ஆகும். பிள்ளையின் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தை இதற்கு ஒதுக்குங்கள். தேதி, தவறின் வகை, திருத்தியபின் நிலை என்று மூன்று பத்தி. நிரப்பும் வேலையை நான்காம் வகுப்பிலிருந்து பிள்ளையிடமே தரலாம். ஆசிரியர் வாரம் ஒருமுறை பார்த்துக் கையொப்பமிட்டால் போதும். நோட்டு பிள்ளையோடு போகும். வட மாநிலத்திலிருந்து வந்து இன்னும் தமிழ் எழுதப் பழகாத பிள்ளை என்றால், அந்தப் பக்கத்தில் தவறான கணக்கையும் திருத்திய கணக்கையும் மட்டும் எழுதட்டும். எந்த மாநிலத்து ஆசிரியரும் அதை வாசித்துக்கொள்வார்.